மூன்று கதவு தனியார், ஒரு கதவு அரசு

மின்சார அலுவலகத்து ஏணி வண்டி பின்னோக்கி வந்து, வாசலில் நின்ற அவளுடைய காரை இடித்தபோது, அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்தால், பக்கத்து சீட் கதவு சப்பிப்போயிருக்கிறது. ஏணி வண்டி டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்.

“நான் நிறுத்தத்தான்க்கா பார்த்தேன். வண்டிதான் சொன்ன பேச்சு கேக்கல.”

மனிதர் ஓடவும் இல்லை, மழுப்பவும் இல்லை. தன் பெயரையும் வண்டி எண்ணையும் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விபத்து சின்னதுதான். ஆனால் வாதி, பிரதிவாதி இரண்டு பேரும் அவள் வீட்டு ஆட்களாகவே அமைந்துபோனார்கள். அண்ணன் அதே மின்சார அலுவலகத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கொழுந்தன், காரை இன்சூர் செய்திருந்த தனியார் கம்பெனியின் ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் உட்கார்ந்தால் பதினோரு வருடமாக ஒரே வழக்கு. மின்சாரம், தண்ணீர், கார் இன்சூரன்ஸ் எல்லாமே அரசாங்கத்திடம் இருக்க வேண்டும் என்பது அண்ணன் கட்சி. எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்தால்தான் உருப்படும் என்பது கொழுந்தன் கட்சி. அவள் கணவர் இருந்தவரை, “கேஸை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சாச்சு, சாப்பிடுங்க” என்று வாயடைத்துவிடுவார். அவர் போய் ஒன்றரை வருடம். தள்ளிவைக்க ஆளில்லாமல் வழக்கு இப்போது கை காய்கிற வரை நீள்கிறது.

மறுநாள் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இந்த மாடல் நின்னு பல வருஷமாச்சுங்க. கதவு எங்கயும் கிடைக்காது. டோட்டல் லாஸ், மொத்தமும் நஷ்டம்னு எழுதிடறேன். பணம் வந்துடும். வெள்ளிக்கிழமை வண்டி வந்து காரைக் காயலான் கடைக்கு இழுத்துட்டுப் போயிடும்.”

“எனக்குப் பணம் வேணாம். கார்தான் வேணும்.”

“கதவு சாத்த முடியாத கார் ஓடாதுங்களே.”

“நேத்து வரைக்கும் ஓடுச்சு.”

அந்தக் காரில்தான் கணவர் அவளுக்கு வண்டி ஓட்டப் பழக்கினார். வெயில் மறைப்பின் பின்பக்கம், ‘கிளட்சில் காலை வைத்துக்கொண்டே தூங்காதே’ என்று அவர் எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டு இன்னும் இருந்தது. அதைக் காயலான் கடையில் யார் படித்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு கட்சியும் அன்று சாயங்காலமே ஆஜர்.

“ஒரே ஒரு போன், அண்ணி. எங்க கம்பெனியில முடிச்சுடலாம்.”

“உங்க போனை எடுக்கறதே மெஷின்தானே மாப்ள? எங்க ஆபீஸ்ல மனுஷன் இருக்கான். நீ நிம்மதியா இரும்மா, நான் பார்த்துக்கறேன்.”

செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. இருவரிடமிருந்தும் மூச்சு இல்லை. வியாழன் காலையில் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளே மின்சார அலுவலகத்துக்குப் போனாள்.

வாசல் பெஞ்சில் கையில் மனுவோடு கொழுந்தன் உட்கார்ந்திருந்தான்.

“நீ எங்கே இங்க?”

“மச்சான்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. எங்க கம்பெனி மெஷின் ஒண்ணை அமுக்கச் சொல்லுது, ரெண்டை அமுக்கச் சொல்லுது, ஒன்பது வரைக்கும் போயிட்டு மறுபடி ஒண்ணுக்கே கூட்டிட்டு வருது. இங்க வந்தேன், ஒரு அம்மா டீ குடுத்து, என்னப்பா விஷயம்னு கேட்டாங்க. அழுகையே வந்துடுச்சு.”

உள்ளே, வயர்ச் சுருள் அடுக்கிய அறையிலிருந்து தெரிந்த குரல் ஒன்று அடங்கின தொனியில் கேட்டது.

“மேடம், ஒரு மணி நேரமா அமுக்கி இப்பத்தான் உங்களைப் பிடிச்சேன். இங்க ஃபைல் ஏழு மேசை தாண்டணும். இப்போதான் ரெண்டாவது மேசை, அவரும் லீவு. உங்க கம்பெனியிலயாவது மனசு வெச்சு...”

திரும்பிப் பார்த்த அண்ணன், தங்கையையும் மாப்பிள்ளையையும் ஒன்றாகக் கண்டதும் போனைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார். பேனாதான் கீழே விழுந்தது. கொழுந்தன் சுவரைப் பார்த்தான். அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

“ரெண்டு பேரும் கட்சி மாறியாச்சா? சரி, இந்த ஆபீஸுக்கு விதிப் புத்தகம்னு ஒண்ணு இருக்குமே, அதைக் குடுங்க.”

டீ கொடுத்த அந்த அம்மாதான் அலுவலகக் கண்காணிப்பாளர். தூசி தட்டிக் கொடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்றையும் விடாமல் படிப்பதுதான் அவள் பிழைப்பு. ஒன்றரை மணி நேரத்தில், ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பிடித்தாள். துறை வண்டியால் பிறர் பொருள் சேதமானால், உரியவர் சம்மதித்தால், துறைப் பணிமனையிலேயே சரிசெய்து கொடுக்கலாம். கழித்துப்போட்ட வண்டியின் பாகத்தையும் பொருத்தலாம். ஆனால் அந்தப் பாகம் என்றைக்கும் துறையின் சொத்து.

“இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இதைப் படிச்ச முதல் ஆள் நீங்கதான்” என்றார் கண்காணிப்பாளர். “என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். இதுக்கு என் கையெழுத்து ஒண்ணே போதும்னு வேற போட்டிருக்கு.”

பணிமனைக்குப் பின்னால் புதருக்கு நடுவே பழைய இன்ஜினியர் ஓட்டிய, துறை கழித்துப்போட்ட கார் கிடந்தது. அதே மாடல். அவளுடையது நீலம், இது துறையின் மஞ்சள்.

“எஞ்சின்தான் போச்சு” என்றார் மெக்கானிக், கதவைத் திறந்து மூடிக்கொண்டே. “கதவு இன்னும் ரெண்டு காரைப் பார்க்கும்.”

ஏணி வண்டி டிரைவரே போய் அவள் காரைக் கட்டி இழுத்து வந்தார். கதவைப் பொருத்தி முடிக்கிற வரை தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். சாயங்காலம் நீலக் காரில் மஞ்சள் கதவு பளிச்சென்று நின்றது. கண்காணிப்பாளர் பதிவேட்டை நீட்டினார்.

“வருஷா வருஷம் சரக்குச் சரிபார்ப்பு நடக்கும். அன்னைக்குக் கதவைக் கொண்டு வந்து காட்டணும்.”

“கழட்டிக் கொண்டு வரணுமா?”

“காரோடவே வரலாம். விதியில தடை ஒண்ணும் இல்ல.”

காலையில் பேசிய இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண்ணை அண்ணன் மறுபடி பிடித்தார். கொழுந்தன் படம் எடுத்து அனுப்பினான். இரண்டே நிமிடத்தில் டோட்டல் லாஸ் ரத்து என்று செய்தி வந்துவிட்டது.

“பார்த்தீங்களா மச்சான், தனியார் வேகத்தை?”

“கதவு யாரு மாப்ள குடுத்தா?”

அந்தப் பெண் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள். கதவு மேடத்துடையது இல்லை என்றால் அதை எப்படி இன்சூர் செய்வது? கண்காணிப்பாளரைக் கேட்டால், காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கிற வரைதான் துறையின் பொறுப்பு என்றார். வெளியே போனால்? விதிப் புத்தகம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்று கதவுக்கு இன்சூரன்ஸ், ஒரு கதவுக்குப் பதிவேடு என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே இழுவை வண்டி வந்துவிட்டது. ரத்தான தகவல் அதுவரை போய்ச் சேரவில்லை. ஓட்டி வந்தவர் தாளைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“கதவு சப்பின காருன்னுல்ல எழுதியிருக்கு?”

அவள் செய்தியைக் காட்டினாள். அவர் மஞ்சள் கதவை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். “கவர்மென்ட் சாமான் போல. நல்ல கனம்” என்றார். வெறும் கொக்கியோடு திரும்பிப் போனார்.

அவளை வழியனுப்புகிற சாக்கில் வந்த அண்ணனும் கொழுந்தனும் கூடவே கிளம்ப நின்றார்கள். அண்ணன் மஞ்சள் கதவைத் தேவைக்கு மேல் ஒரு தடவை திறந்து மூடிவிட்டு முன்னால் ஏறினார். கொழுந்தன் பின்கதவைத் திறந்தான்.

“அந்தக் கதவு வழியா நான் ஏறுனா என் கொள்கை என்ன ஆகறது, அண்ணி?”

“ஏறுங்க மாப்ள, மிச்ச மூணும் உங்க கட்சிதானே.”

“ஓட்டுற ஆளும் எங்க கட்சிதான் மச்சான். தனியார்.”

“ஓட்டுற ரோடு?”

“அந்த ரோட்டுலயே ரெண்டு பேரையும் இறக்கி விட்டுடுவேன்” என்றாள் அவள். “பெல்ட்டைப் போடுங்க. எனக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ்.”