சுருதி சேராத சாக்ஸபோன்

ஐரீனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தால் பரவாயில்லை. சாவு ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் பேண்டில் இருந்துகொண்டு கண்ணை மூடினால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவள் வாத்தியமும் அவளுக்கேற்ற வாத்தியம்தான். பழைய சாமான் கடையில் கிடைத்த சோப்ரானோ சாக்ஸபோன். வளைவே இல்லாமல் நேராக நீண்டிருக்கும், பார்ப்பவர்கள் நாயனமா என்று கேட்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் எந்த ஊர்ச் சுருதிக்கோ செய்தது. பேண்டின் சுருதியைவிட அரை ஸ்வரத்துக்கும் கொஞ்சம் மேலே நிற்கும். மவுத்பீஸை வெளியே இழுத்தால் மேல் ஸ்வரங்கள் அடங்கும், கீழ் ஸ்வரங்கள் அடங்காது. திருவொற்றியூர் யார்டில் வாரம் ஆறு நாள் கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கும் ஐரீனுக்கு அதை ஊதும் நேரம்தான் மூச்சு விடும் நேரம். அதற்கும் அன்று காலை பேண்ட் மாஸ்டர் இக்னேஷியஸ் கெடு வைத்துவிட்டார்.

"தோ பாரு ஐரீனு, இன்னிக்குப் பாட்ட பாட்டா வாசிக்கணும். சொந்தமா இழுத்துகினு போனே, இத்தோட சரி. வேற ஆளு பாத்துக்குறேன்."

ஐரீன் தலையாட்டினாள். வீட்டில் இரண்டு ஸ்வரம் ஊதினாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். பேண்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

செத்துப்போனது இருதயம்மாள், ராயபுரம் தெருக்களில் நாற்பது வருஷம் கூடை தூக்கி மீன் விற்றவள். மகள் ஜானட் முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மரம் மாதிரி நின்றாள். மூன்று மணிக்குச் சவப்பெட்டி கிளம்பியது. கடல் காற்று முகத்தில் பட்டதும் ஐரீனின் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

ரயில்வே கேட்டில் மணி அடித்தது. பெட்டி தூக்கியவர்கள் விறுவிறுவென்று தாண்டிவிட்டார்கள், ஜானட்டும் நாலைந்து கிழவிகளும் கூடவே. பின்னால் வந்த பேண்ட் நின்றுவிட்டது. ஐரீன் மட்டும் ஊதிக்கொண்டே தண்டவாளத்தைக் கடந்து போய்விட்டாள். கண்ணைத் திறந்தபோது முதுகுக்குப் பின்னால் கேட் இறங்கியிருந்தது. துறைமுகத்திலிருந்து கூட்ஸ் வண்டி அசைந்து அசைந்து வந்தது. அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் வரட்டும் என்று பெட்டியை நிறுத்தினார்கள்.

அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம். பெட்டி வழியில் நிற்கும்போது வாத்தியம் நிற்கக் கூடாது. நின்றால் செத்தவர் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிடுவாராம்.

"வாசிம்மா, இன்னா பாத்துகினு கீறே?" என்றாள் பிலோமி, இருதயம்மாளோடு கூடை தூக்கிய கிழவி.

ஐரீன் பாட்டைப் பாட்டாகத்தான் தொடங்கினாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை முடிந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஒத்துப்போக வேண்டிய இன்னொரு வாத்தியம் பக்கத்தில் இல்லை. பழைய சாக்ஸபோன் தன் சுருதியிலேயே நிறைந்து ஒலித்தது. நான்காவது முறை கடைசி வரி முடிய மறுத்தது. நீண்டது, வளைந்தது, எங்கோ ஒரு சந்துக்குள் நுழைந்தது. கடலில் ஒரு கப்பல் அடிவயிற்றிலிருந்து ஊதியது. ஐரீன் அந்த ஓசைமேல் ஏறி உட்கார்ந்தாள். வண்டிப் பக்கம் திரும்பி நின்றவளின் கண்ணெதிரே சிவப்பும் நீலமுமாகக் கன்டெய்னர்கள் மிதந்து போயின. எந்த நம்பரையும் அவள் படிக்கவில்லை. நேரம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அப்போதுதான் அந்தக் கூவல் வந்தது. 'வவ்வாலூ... சங்கரா...' என்று ஏறி, இழுத்து, கடைசியில் அதட்டலாக விழும் இருதயம்மாளின் மீன் கூவல். எத்தனையோ காலையில் ஐரீனை எழுப்பிய குரல். விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன, விடவில்லை.

ஜானட் சட்டென்று திரும்பினாள். "எம்மா!" என்றாள். அப்படியே ரோட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிலோமி அழுதுகொண்டே சிரித்தாள். சாவு ஊர்வலத்தில் இத்தனை சந்தோஷம் வரலாமா என்று ஐரீனுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் ஊதினாள்.

கடைசி வேகன் போயிற்று, கேட் ஏறியது. இக்னேஷியஸ் மூச்சிரைக்க வந்தார்.

"மீன் கூவுறதையா பெட்டி முன்னாடி வாசிப்பே? போதும் தாயி. நாளையிலேர்ந்து வராதே."

பேண்ட் பாட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தது. சாக்ஸபோனை உறைக்குள் போடப்போன ஐரீனின் மணிக்கட்டைப் பிலோமி பிடித்துக்கொண்டாள்.

"அவுரு கெடக்கறாரு. எனக்கு அந்தப் பேண்டு வாணாம். நீ ஒண்டியா வந்து வாசி."

"எப்போ ஆயா?" என்று கேட்டுவிட்டு ஐரீன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தேதி யாருக்குடி தெரியும்? லீவு மட்டும் எடுத்து வெச்சிக்கோ."