ஈயக் காலணி

கிளெமென்ட்டுக்குப் பல் செட் செய்யும் வேலை. வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பல் செதுக்கும் கை, ஓய்வு கிடைத்தால் ஈயப் பொம்மைகளிடம் போய்விடும். நாட்டிங்ஹாமில் எங்கள் பொம்மை ஆட்டச் சங்கம் சனிக்கிழமை மதியம் சர்ச் மண்டபத்தில் கூடும். மேசைமேல் காடும் பாழடைந்த கோயிலும் எழுப்பி, புதையல் தேடுகிறவர்களையும் கொள்ளையர்களையும் நகர்த்திப் பகடை உருட்டுவோம்.

அந்த வசந்தத்தில் மூழ்கிப்போன தீவு ஒன்றை ஆட்டத்துக்குத் தயார் செய்தோம். பழைய பொம்மைச் சந்தையில் தெல்மா க்ரௌதர் என்ற கிழவி, செத்துப்போன தன் அண்ணன் வார்த்த பொம்மைகளை விற்றாள். அதில் கடலடிக்கு இறங்கும் பழைய காலத்து டைவர் ஒருவன் இருந்தான். உருண்டைத் தலைக்கவசம், பெரிய காலணி, விரல் உயரம். கிளெமென்ட் அவனை வாங்கினான்.

அச்சுப் பிசிறை அரத்தால் தேய்த்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி, அடிப்பூச்சாக ப்ரைமர் அடித்தான். காலையில் பார்த்தால் காலணியில் மட்டும் அது உரிந்து கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து மறுபடி கழுவி அடித்தான். பித்தளை நிறம், கான்வாஸ் நிறம், மடிப்புகளில் பழுப்பு மை, கடைசியாக வார்னிஷ். மறுநாள் பொம்மையைச் சுற்றி ஈரம்.

"குடிச்ச டீயக்கூடத் துடைக்க மாட்டியா?" என்றாள் அவன் மனைவி ரோனா.

கிளெமென்ட் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு. உடனே எனக்குப் போன் செய்தான்.

நான் போனதும் என் கண்முன்னே பொம்மையைத் துடைத்து உலர்ந்த தட்டில் வைத்தான். கால்பந்து பேசிக்கொண்டே டீ குடித்தோம். திரும்பிப் பார்த்தபோது காலணியைச் சுற்றித் தண்ணீர் நின்றிருந்தது. வழிந்து பரவாமல், கணுக்கால் அளவுக்கு எழும்பி, லேசாக நடுங்கிக்கொண்டு. தலைக்கவசத்தின் முகப்பில் கறுப்பாகத் தீட்டியிருந்த கண்ணாடி ஜன்னலில் பனி படர்ந்திருந்தது. கிளெமென்ட் விரலால் துடைத்தான். போகவில்லை.

"உள்ளேருந்துடா," என்றான் மெதுவாக.

இருவரும் தெல்மா வீட்டுக்குப் போனோம். பொம்மையைப் பார்த்து அவள் பயப்படவில்லை.

"எங்கப்பா டைவரு, கண்ணு. கிரிம்ஸ்பி துறைமுகத்துல காத்துக்குழாய் அறுந்துடுச்சு. கடலடியில கால் ஊன அவர் காலணிக்கு அடியில ஈயம் இருக்கும். அத உருக்கித்தான் அண்ணன் இந்தப் பாதத்த வார்த்தான். மத்ததெல்லாம் வேற ஈயம். பொம்மை சாயாம நிக்கணுமாம்."

"அவர மேல கொண்டுவந்துட்டாங்கல்ல?" என்று கேட்டேன்.

"உடம்பு வந்துச்சு," என்றாள் தெல்மா.

கிளெமென்ட் பையைத் திறந்து மெல்லிய ரம்பத்தை எடுத்தான்.

"காலணியக் கழட்டிடட்டுமா, தெல்மாம்மா?"

அவள் தலையசைத்தாள். சமையலறை மேசையிலேயே அறுத்தான். ரம்பம் ஈயத்துக்குள் இறங்கியதும் தண்ணீர் கொட்டியது. அந்தச் சின்ன உடம்பு கொள்ளும் அளவு இல்லை அது. மேசைவிரிப்பு நனைந்து என் மடியில் சொட்டியது, குளிர் எலும்பில் ஏறியது. கிளெமென்ட் நிறுத்தவில்லை. கணுக்காலில் துளை போட்டு, கம்பி செருகி, உதிரிப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி வெறும் பாதங்களை ஒட்டினான். பிறகு கறுப்புக் கண்ணாடிமேல் தோல் நிறம் பூசி, திறந்த ஜன்னலில் தெரியும் முகமாக்கினான். கடைசியாக இரண்டு கண்.

"மீசை போடு," என்றாள் தெல்மா. "செம்பட்டை மீசை."

போட்டான். அவள் டைவரைக் கணப்பு அடுப்புக்கு மேலே நிறுத்திக்கொண்டாள். எங்கள் ஆட்டத்துக்கு டைவர் இல்லாமலே போயிற்று. நான் அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். இதுவரை ஈரம் கண்டதில்லை.

அறுத்த காலணிகளைத் தெல்மா வாங்க மறுத்துவிட்டாள். கிளெமென்ட் அவற்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக்கி மூடி வைத்தான். அடுத்த சனிக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போனபோது ஜாடியில் கழுத்துவரை தண்ணீர் நிறைந்திருந்தது.

"இன்னும் யாருடா நிக்கிறா அதுல?" என்றேன்.

"யாரும் இல்ல. அவர் கரையேறிட்டது செருப்புக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான்."

ரோனா ஜாடியை எடுத்துப்போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். காலணிகளைத் துணியால் ஒற்றி, திரும்ப உள்ளே வைத்து மூடினாள்.