எகிப்துக் கோயிலும் தபசுத் திரையும்

சண்டை முடிந்து எகிப்திலிருந்து திரும்பிய பனவடலிசத்திரத்து வெள்ளத்துரை, தன் கையால் எழுதிய ஆயில் பெயிண்டிங் ஒன்றை விற்கக் கொண்டுவந்திருக்கிறானாம். பண்ணையார் சங்கரநயினார் வீட்டு ஆள் வந்து, "விலை மதிக்கணுமாம், அய்யா உங்களைக் கூப்பிடுதாவ" என்றபோது சிவனாண்டி பாதிச் சோற்றில் கை கழுவினான். சங்கரன்கோவில் வட்டாரத்தில் படம் எழுத அவனை விட்டால் ஆள் ஏது? ஆடித்தபசுத் திருவிழாவில் நயினார் குடும்பத்து மண்டகப்படியன்று சாமிக்குப் பின்னால் தொங்கும் திரையை வருஷா வருஷம் எழுதுகிறவன் அவன்தான். இருபது வருஷப் பாத்தியதை. நேற்று முளைத்த பயல், பட்டாளத்துக்குப் போய்த் துப்பாக்கி தூக்காமல் தூரிகை தூக்கினானாக்கும்!

போய், திண்ணையில் சாத்தியிருந்த படத்தைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

மணலில் பாதி புதைந்த பெரிய பெரிய தூண்கள். கூரை போய்விட்டது. மூக்குச் சிதைந்த கல் ராஜா ஒருவர் தொடைமேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயிலில் தூணின் நிழல் மணல்மேட்டில் ஏறி இறங்கியது. அந்த நிழல்! வஜ்ஜிரப் பசையும் வர்ணப்பொடியும் குழைத்து இருபது வருஷம் முக்கியும் சிவனாண்டியின் தூண் ஒன்றுக்குக்கூட இப்படி நிழல் விழுந்ததில்லை. பாவிப்பயல், எங்கே கற்றான்?

"கேம்ப்புல ஒரு வெள்ளைக்கார கேப்டன் சொல்லித் தந்தாரு அண்ணாச்சி. தப்பிருந்தா சொல்லுங்க" என்றான் வெள்ளத்துரை. அந்தப் பணிவு வேறு எரிச்சலைக் கிளப்பியது.

"என்னவே சிவனாண்டி, எப்படி?" என்றார் நயினார். அவர் கண் படத்தை விட்டு நகரவில்லை.

தப்புச் சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதானே கொடுமை!

"கைவேலை கிடக்கட்டும்யா. இது இடிஞ்ச கோயில்லா? விளக்கு இல்லை, பூசை இல்லை, சாமிக்கு மூக்கும் இல்லை. மகளுக்கு முகூர்த்தம் வச்சிருக்கிய. இதைப் போயி வீட்டுல மாட்டலாமா?"

"ஐயய்யோ, அது வாசப்படி தாண்டப்படாது, சொல்லிட்டேன்!" என்று உள்ளேயிருந்து நயினாரின் சம்சாரம் காந்திமதியம்மாள் அலறினாள்.

வெள்ளத்துரையின் முகம் செத்துப்போயிற்று. படத்தைச் சாக்கில் சுற்றக் குனிந்தான். ஒழிந்தான் என்று சிவனாண்டிக்கு உள்ளம் குளிர்ந்தது.

"இருலே" என்றார் நயினார். "இவரு சொல்லுதது நெசந்தான், இடிஞ்சது நமக்கு வேண்டாம். ஆனா இடிஞ்சதையே இப்படி எழுதுத கை, நம்ம கோயிலை எப்படி எழுதும்! கோபுரத்தோட முழுசா எழுது. இந்த வருசம் தபசுத் திரை உனக்கு." பிறகு சிவனாண்டி பக்கம் திரும்பினார். "நல்ல நேரத்துல சொன்னீரு வே. திரை அளவு உமக்குத்தான தெரியும்? அதையும் இவன்கிட்டச் சொல்லிரும்."

வெள்ளத்துரை பென்சிலும் துண்டுக் காகிதமும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

ஒரு முழம் குறைத்துச் சொன்னால் என்ன? தபசன்று திரை எட்டாமல் தொங்கும். ஊரே சிரிக்கும். சிவனாண்டி வாயைத் திறந்தான்.

"அகலம் பதினாறு முழம், உயரம் பத்து" என்றான். அத்தனையும் சரியான அளவு. தன் திரையைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"மேல கம்பு நுழைய ஒரு சாண் விட்டுத் தைக்கணும். எழுதிக்கோ" என்றான்.