பேப்பர் போயிட்டிருக்கு

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் கணவர் கூப்பிடுவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்னாச்சு பேப்பர்?"

"போயிட்டிருக்குங்க," என்பேன். "அவசரப்பட்டா ஆகுமா? அந்த ஆபீஸ் என்ன நம்ம மாமனார் வீடா?"

இந்த வசனம் என்னுடையதில்லை, அவருடையது. அவர் வெளிநாட்டிலும் நான் ஊரில் அவருடைய அம்மாவோடும் இருந்த காலத்தில் வாராவாரம் எனக்குச் சொன்னது. மாமனார் வீடு உட்பட ஒரு எழுத்து மாற்றாமல் திருப்பிக் கொடுக்கிறேன். இப்போது நான் வெளிநாட்டில், அவர் அம்மாவோடு. அன்றைக்கு மனைவியை வரவழைக்க அவர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இன்றைக்குக் கணவனை வரவழைக்க நான் விண்ணப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டேன். கடைசியில் 'அனுப்பு' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தவில்லை. அழுத்தவே மாட்டேன் என்று முடிவும் செய்யவில்லை. வேலை முடிந்து வந்து, டீ போட்டுக்கொண்டு, அந்தப் பட்டனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். சினிமா பார்ப்பதைவிட நன்றாக இருக்கிறது.

கல்யாணமான மாதமே அவர் விமானம் ஏறிவிட்டார். போனதும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். நானும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் காத்திருந்தேன். அந்த மழைக்காலத்தில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து படுக்கைதான். தூக்குவது, துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான். அத்தை நல்ல கனம். என் முதுகு இன்றைக்கும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லும்.

அத்தைக்குக் காது மந்தம். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, கிணற்றுக்குள் இருப்பவரிடம் பேசுவதுபோல் கத்துவார். ஒருநாள் நான் குளியலறையில் அவருடைய மலத்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடியதும் கூடத்திலிருந்து குரல் கேட்டது.

"அவளை இப்போ கூப்பிட்டுக்காதேடா. அவ போயிட்டா என்னை யாரு தூக்குவா?"

ஸ்பீக்கரில் அவர் சிரித்தார். "நான் எங்கம்மா அப்ளை பண்ணேன்? போயிட்டிருக்குன்னு சும்மா சொல்லி வெச்சிருக்கேன்."

கையில் ஈரத் தட்டோடு நின்றேன். ஓடிப்போய் அதை இரண்டு பேர் தலையிலும் கவிழ்க்கத் தோன்றியது. ஒருவர் தலை போனுக்குள் இருந்தது, என்ன செய்வது? மறுபடி குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "அத்தை, டீ வேணுமா?" என்று கேட்டேன். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் நின்று கொல்கிற ரகம்.

பக்கத்துத் தெருவில் முதியோர் பராமரிப்புக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிச் சேர்ந்தேன். வகுப்பில் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு வீட்டிலேயே நிஜ ஆள் இருந்தார். தேர்வில் நான்தான் முதல். அந்த நேரம் பார்த்து அவர் வேலை செய்த கம்பெனியை இழுத்து மூடினார்கள். ஊர் திரும்பி அவர் சோபாவில் சாய்ந்த சில மாதங்களில் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். "நீ முன்னாடி போ. போனதும் என்னை ஸ்பான்சர் பண்ணிடு," என்று என் பெட்டியைத் தானே தூக்கி வந்து வண்டியில் வைத்தார்.

இங்கே முதியோர் இல்லத்தில் ஒரு விதி உண்டு. படுக்கையில் இருப்பவரை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. இரண்டு பேர் வேண்டும். கீழே ஒரு விரிப்பைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் போதும். ஒற்றை ஆளாக இருந்தாலும் அந்த விரிப்பு பாதிச் சுமையைக் குறைத்துவிடும். ஊரிலிருந்து அவர், "முதுகு போச்சு, எப்படித்தான் தூக்கினே?" என்று புலம்பியபோது இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தைக்கு அதனால் வலியில்லை, வலியெல்லாம் அவருக்குத்தான். ஒரு மாதம் அனுபவிக்கட்டும் என்று விட்டு, அப்புறம்தான் சொன்னேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டாமா?

போன புதன்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில், துவைத்த விரிப்புகளை அடுக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அத்தை.

"ஏம்மா, நல்லா இருக்கியா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அவன் கடைக்குப் போயிருக்கான், அதான் கூப்பிட்டேன். அவனை இப்போ அங்க கூப்பிட்டுக்காதேம்மா. அவனும் போயிட்டா என்னை யாரு தூக்குவா?"

ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. நான் குளிப்பாட்டிய உடம்பு அது. ஆனால் 'யாரு தூக்குவா' என்ற அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மறுபடி கையில் ஈரத் தட்டு இருப்பதுபோல் இருந்தது. வாயைத் திறக்கப் போனேன். அப்போது போனுக்குள் எங்கள் வீட்டு இரும்பு கேட் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அத்தைக்குக் கேட்டிருக்காது. அடுத்து செருப்புச் சத்தம் வந்து வாசலோடு நின்றது.

"அத்தை, சரியாக் கேக்கலை," என்றேன். "பேப்பரை என்ன பண்ணச் சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க."

அத்தை தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"அனுப்பாதேங்கறேன்! அனுப்பிட்டேன்னு சும்மா சொல்லி வை. நீ அத்தனை வருஷம் நம்பலை? அது மாதிரி அவனும் நம்பிடுவான்!"

ஏதோ ஒரு பை கீழே விழுந்தது. "அம்மா..." என்று ஒரு குரல். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. அன்றைக்குக் குளியலறையில் எனக்குள் கேட்டிருக்கிறேன். பிறகு போன் கைமாறியது.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேங்க."

"அம்மா சொன்னதை..."

"கேட்டேன். இது ரெண்டாவது தடவை. முதல் தடவை உங்ககிட்ட சொல்லிட்டிருந்தாங்க. நீங்க சிரிச்சீங்க. நான் தட்டு கழுவிட்டிருந்தேன்."

பின்னால் அத்தை, "யாருடா? யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ... பேப்பர்?"

கதவைத் தள்ளிக்கொண்டு என்னோடு வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்தாள். கோடி அறைப் பெரியவரைத் தூக்க வேண்டும், இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்கிறாள். இதோ என்று கையைக் காட்டி எழுந்தேன்.

"போயிட்டிருக்குங்க," என்றேன். "அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாச்சு, பாருங்க."