அதிகாரிக்கு வைத்த பரீட்சை

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தால் பாதியை விழுங்கிவிட்டு, உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். பஸ் எங்கே போகும் என்று போர்டில் எழுதியிருந்தாலும் டிரைவரைக் கேட்பேன். டிரைவர் சொன்ன பிறகு பக்கத்தில் நிற்கிறவரையும் கேட்பேன். இதற்குப் பெயர் புத்திசாலித்தனம் என்று நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது சலவைக்கடை. ஒரு ஹோட்டலின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கிறோம். கொடுக்கிறோம் என்றால் மருமகள் கொடுக்கிறாள். கடை அவள் பெயரில், மெஷினுக்கான இன்சூரன்ஸ் பாலிசியும் அவள் பெயரில். என் மகன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். நான் வாசல் பக்கம் நாற்காலி போட்டு வருகிறவர் போகிறவரைச் சந்தேகப்படுவேன். சம்பளம் கிடையாது.

ஒருநாள் மாடியில் குழாய் வெடித்து, கடைக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த பெரிய மெஷின் குப்பென்று புகைந்து நின்றது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் வந்தான், எட்டிப் பார்த்தான், "தண்ணி காரணமில்ல, வயசாகி நின்னுபோச்சு" என்று கையை விரித்துவிட்டுப் போனான்.

மருமகள் விடவில்லை. இந்தக் கம்பெனிகளை மேய்க்க அரசாங்கத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறதாம். அங்கே புகார் எழுதினாள். "'உங்கள் அதிகாரி தப்புச் செய்தாலும் நீங்கள் மூடி மறைத்துவிடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்துக்கோ" என்றேன்.

"எதுக்கு மாமா வம்பு?"

"நான் படிக்காதவன்தான். ஆனா ஆளை எடைபோடத் தெரியும். எழுது."

எழுதினாள்.

இதற்குள் ஹோட்டல் மேனேஜர் கெடு வைத்துவிட்டார். புது மெஷின் கிடைக்குமா கிடைக்காதா என்று வாரக் கடைசிக்குள் தெரிய வேண்டும். தெரிந்தால் காத்திருப்பாராம், இல்லையென்றால் வேறு கடைக்குப் போய்விடுவாராம். ஹோட்டல் போனால் எங்களுக்கு மிஞ்சுவது தெருக்காரர்களின் நாலு சட்டை. கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

புகாரை விசாரிக்க அந்த அலுவலகத்து அதிகாரி வருகிற அன்று மருமகள் கையால் துவைத்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குக் கிளம்பினாள். "மாமா, அவர் வந்தா மெஷினைக் காட்டுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

அவள் தலை மறைந்ததும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது அப்படித்தான், தடுக்க ஆள் இல்லாதபோது மட்டும் வேலை செய்யும்.

பின்னறையில் பழைய மெஷின் ஒன்று கிடக்கிறது. அதே கம்பெனி, அதே நிறம். எப்போதோ நின்றுபோனதை உதிரிபாகத்துக்காக வைத்திருக்கிறோம். வருகிறவன் வேலை தெரிந்தவனா, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவனா? பழசைக் காட்டிப் பார்ப்போம். "ஆமா, தண்ணி பட்டிருக்கு" என்று தலையாட்டினால் அங்கேயே சட்டையைப் பிடித்துவிடலாம். நிஜ மெஷின் மேல் அழுக்கு மூட்டைகளை அடுக்கி மறைத்தேன். இந்த வயதில் மூட்டை தூக்கினால் இடுப்பு பிடிக்கும். பிடித்தது.

அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லியான ஆள். பின்னறைக்குக் கூட்டிப் போனேன். மூடியைக் கழற்றினார், டார்ச் அடித்தார், தரையில் மல்லாந்து படுத்து அடியில் கையை விட்டுத் துழாவினார். எனக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "பெரியவரே, தண்ணி உள்ள போய் எரிஞ்சிருந்தா மோட்டார்ல இருக்கிற கம்பிச் சுருள், அதான் காயில், கருகியிருக்கும். இதுல காயில் நல்லாத்தான் இருக்கு. பேரிங் தேஞ்சு இறுகிப்போச்சு. இது வயசாகி நின்ன மெஷின். கம்பெனி சொன்னது சரிதான். மன்னிச்சுக்கங்க."

நான் வைத்த பரீட்சையில் அவர் நூற்றுக்கு நூறு. வாத்தியார் ஃபெயில்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் கேட்கிற மாதிரி பேசுகிற வாய்க்கு அன்றைக்குப் பார்த்து லீவு. ஸ்கூட்டர் போய்விட்டது.

மருமகள் திரும்பி வந்து மூட்டைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என்ன பண்ணீங்க?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், "எந்திரிங்க" என்றாள்.

அந்த அலுவலகத்தில் பாதி மின்விசிறி சுற்றவில்லை. அதிகாரி எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, தான் எழுதிய அறிக்கையை எடுத்து மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மெஷின் மேல நம்பர் தகடு இருக்கும். பாலிசியில இருக்கிற நம்பரோட அதை ஒத்துப் பாக்கணும். அதுதான் முதல் வேலை. நான் பாக்கல. என் தப்பு," என்றார்.

அப்பாடா என்றிருந்தது. குரலைத் தாழ்த்தினேன். "விடுங்க சார், யாருக்குத் தெரியப்போகுது? அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு, கடைக்கு வந்து இன்னொரு தடவை பாத்து எழுதிடுங்க. நாங்க மூச்சு விடமாட்டோம்."

அவர் எங்கள் புகாரை எடுத்து அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். "இது நீங்க சொல்லி எழுதினதா?"

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.

"நான் நம்பரைப் பாக்காததையும் எழுதணும், நீங்க மாத்திக் காட்டினதையும் எழுதணும். இனிமே நான் பாக்கக்கூடாது, வேற அதிகாரி வருவாங்க. ஏமாத்தப் பாத்திருக்காங்கன்னு அவங்க நெனச்சா புகாரே தள்ளுபடி ஆகலாம். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. சீக்கிரமா வரச் சொல்றேன், அவ்வளவுதான்."

தப்பை ஒத்துக்கொள்கிற அதிகாரி ஒருத்தனாவது இருக்கிறானா என்று ஆயுசு முழுக்கக் கேட்டவன் நான். கடைசியில் ஒருத்தர் கிடைத்தார். அவரிடம் போய் மறைத்துவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நின்றேன். அவர் மசியவில்லை. வீடு வரும் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கெடு முடிகிற அன்று காலையில் புது அதிகாரியாக ஓர் அம்மா வந்தார். கையில் எங்கள் கோப்பு. வாசலில் நின்றபடியே, "மாமனார் யாரு?" என்றார்.

எழுந்து கும்பிட்டேன்.

"நான் பாக்கிற வரைக்கும் நீங்க கடைக்குள்ள இருக்கக்கூடாது. இதுல எழுதியிருக்கு."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்சாரிக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரன், "என்ன பெரியவரே, தனிக்குடித்தனமா?" என்றான். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே மூடி கழற்றுகிற சத்தம் கேட்டது. பார்க்கவும் முடியவில்லை, யாரையும் விசாரிக்கவும் முடியவில்லை. ஒருத்தரை நம்பிச் சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த அம்மா போன பிறகு மருமகள் தெருவைக் கடந்து வந்தாள். கையெல்லாம் கிரீஸ்.

"காயில் கருகியிருக்கு, தண்ணிதான் காரணம்னு எழுதிட்டாங்க மாமா. கம்பெனி மெஷின் தந்தாகணும். மேனேஜருக்கும் சொல்லிட்டேன், காத்திருக்கேன்னாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "நம்பரைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"கையெழுத்து?"

"போட்டாங்க."

"எழுதினதை நீ படிச்சுப் பாத்தியா? கம்பெனிக்காரன் அந்தம்மாவுக்குச் சொந்தக்காரனா இருந்தா..."

மருமகள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"மாமா, நீங்க இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே உக்காந்திருங்க."