நாத்தனார் ஏறிய வலை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். ரயில்பெட்டியின் லக்கேஜ் வலையில் ஒரு நாத்தனார் ஏறிப் படுத்த கதையைச் சொல்கிறேன். ஏன் ஏறினாள் என்று இப்போதே அவசரப்படாதீர்கள். அவளை ஏற்றிவிட எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அவள் இலேசுப்பட்ட ஆள் இல்லை.

ரயில் அருங்காட்சியகத்தின் பின்புறம் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருந்தது. பாட்டன் காலத்து ரயில்பெட்டிகளை அங்கே கொண்டுவந்து, பழையபடி ஆக்குவார்கள். செய்கிறவர்கள் எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வீட்டில் சும்மா இருந்தால் வீட்டிலிருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள் என்று வந்தவர்கள்.

அவர்களில் ஒருத்தி நம் அண்ணி. முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸில் இருந்தவள். கையில் நூல் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. அவளோடு கூடவே வந்தவள் அவள் நாத்தனார், செத்துப்போன கணவனின் தங்கை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருபது வருஷமாக இருந்தார்கள். நாத்தனாருக்கு வேலை, பித்தளைக் கைப்பிடிகளைத் துலக்குவது. அதைவிடப் பெரிய வேலை, அண்ணியைக் குறை சொல்வது.

"அண்ணி, போன வருஷம் எனக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தீங்களே, அதுல கை முட்டி வரைக்கும் வருது. கால் முட்டி!"

"நீ வளருவேன்னு நினைச்சேன்" என்பாள் அண்ணி, கண்ணை எடுக்காமல்.

நாத்தனார் வளர்ந்துகொண்டுதான் இருந்தாள், ஆனால் பக்கவாட்டில். யார் கேட்டாலும் அவள் எடை அறுபத்திரண்டு கிலோ. இருபது வருஷமாக அதே அறுபத்திரண்டு. அவள் சட்டைகளைத் தைப்பது அண்ணி. வருஷா வருஷம் பக்கத் தையலைப் பிரித்து ஒரு விரல் அகலம் விட்டுத் தைத்து, ஒரு வார்த்தை பேசாமல் மடித்து அலமாரியில் வைத்துவிடுவாள்.

அந்த வருஷம் வந்த பெட்டியில், இருக்கைகளுக்கு மேலே மூட்டை வைக்கும் வலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. பலகை இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கந்தல் துண்டுதான் கிடைத்தது. அண்ணி அதை வீட்டுக்கு எடுத்துப்போனாள். குண்டூசியால் ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தாள், மறுபடி போட்டாள், மறுபடி பிரித்தாள். பத்து நாளில் அந்த முடிச்சு அவள் விரலுக்குள் வந்துவிட்டது. அப்புறம் ஐந்து மாதம் வீடு முழுக்க வலைதான். கதவுப் பிடியிலிருந்து நாற்காலிக் கைக்கு, நாற்காலியிலிருந்து ஜன்னலுக்கு.

"நான் சாப்பிடப் போறேனா, மீனாட்டம் மாட்டிக்கப் போறேனா தெரியலையே!" என்று நாத்தனார் தாண்டித் தாண்டி நடந்தாள்.

பெட்டிக்கு வேண்டிய பன்னிரண்டு வலையும் முடிந்தன. அண்ணி வாழ்நாளில் பின்னியதில் அளவாக அமைந்தவை இவை மட்டுந்தான். அதனால் அவற்றின் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

இப்போது பாலத்து சார் வருகிறார். காலமெல்லாம் பாலம் கட்டிய இன்ஜினியர். பட்டறைக்கு அவர்தான் தலைவர். எதையும் எடை வைத்துச் சோதிக்காமல் விடமாட்டார். சோதித்ததும் வெள்ளைப் பெயிண்டில் அதன் மேலேயே எழுதிவிடுவார். ஏணியில் எழுதியிருக்கும், முக்காலியில் எழுதியிருக்கும், டீ தட்டில்கூட "நான்கு கிலோ" என்று எழுதியிருக்கும்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள். மாதிரிக்கு ஒரு வலையை மாட்டியாயிற்று. கீழே எல்லாரும் கூடி நின்றார்கள்.

"எழுபத்தஞ்சு கிலோ தாங்கணும்மா. அதுதான் கணக்கு" என்றார் பாலத்து சார். "மணல்மூட்டை கொண்டு வரேன்னு சொன்னவன் வரலை. சோதிக்காம நான் விடமாட்டேன். வலைக்குப் பதிலா இரும்புக் கம்பி வெட்டி வச்சிருக்கேன், அதையே போட்டுடலாம்."



அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நூல் வேலையெல்லாம் குல்லா, ஸ்வெட்டருக்குத்தான் சரிம்மா" என்றார்.

துலக்கிக்கொண்டிருந்த கைப்பிடியை நாத்தனார் ஏப்ரன் பையில் போட்டாள்.

"யாரைச் சொல்றீங்க? எங்க அண்ணியையா?"

"இல்லம்மா, பொதுவா..."

"எங்க அண்ணி ஸ்வெட்டரை நான் சொல்லுவேன். இருபது வருஷமா போட்டுக்கிட்டவ நான். நீங்க என்னத்தைப் போட்டீங்க?"

சொல்லிக்கொண்டே இருக்கையில் ஒரு கால், ஜன்னல் கட்டையில் ஒரு கால், பக்கத்தில் நின்ற தச்சர் ஒருவரின் தோளில் ஒரு கை. தச்சர் "அம்மா!" என்று கத்துவதற்குள் நாத்தனார் வலைக்குள் உருண்டு விழுந்தாள். வலை ஒரு முனகு முனகியது. தொட்டில் போல ஆடியது. நின்றது.

ஒரு முடிச்சுகூட நழுவவில்லை.

"பாத்தீங்களா!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. முகத்தில் கட்டம் கட்டமாக நூல் பதிந்திருந்தது.

பாலத்து சார் மனசார மகிழ்ந்தார். நோட்டை எடுத்தார். "ரொம்ப நல்லது. எடை எவ்வளவும்மா? எழுதணும்."

"அறுபத்திரண்டு."

பேனா நின்றது. "பதிமூணு கிலோ குறையுதேம்மா. அப்ப இது செல்லாது."

பட்டறையில் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். அறுபத்திரண்டை நம்பியவர் பாலத்து சார் ஒருத்தர்தான். எழுதிக் கொடுத்த எண்ணை நம்பியே வாழ்ந்த மனுஷர். அண்ணியின் வாய்க்குள் உண்மை வந்து நின்றது. ஐந்து மாத உழைப்பு ஒரு பக்கம். ஒரு விரல், ஒரு விரலாக இருபது வருஷம் பிரித்துத் தைத்த தையல் ஒரு பக்கம்.

"விடுங்க சார்" என்றாள் அண்ணி. "கம்பியே போட்டுடுங்க. நீ இறங்கி வா, கண்ணு."



"என்னை இறக்குங்க" என்றாள் நாத்தனார். நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். "போன வருஷம் பழுதுபாத்தீங்களே பார்சல் மெஷின், அது எங்கே?"

பார்சல் நிறுக்கும் அந்தப் பழைய எடை மெஷின் வாசல் பக்கம் இருந்தது. அதன் முள்தட்டு கோயில் மணி அளவுக்கு இருக்கும். பட்டறையின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். நாத்தனார் நிமிர்ந்து நடந்துபோய் அதில் ஏறி நின்றாள். முள் அறுபத்திரண்டில் நிற்கவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுபத்தைந்தைத் தாண்டியது. எண்பத்தைந்தில் போய் நின்றது.

"கைப்பிடி!" என்று அலறி, ஏப்ரன் பையிலிருந்த பித்தளையை எடுத்துக் கீழே வைத்தாள். முள் எண்பத்து நாலுக்கு வந்தது. "அதானே பாத்தேன்" என்றாள் நாத்தனார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்த தச்சரும் திரும்பி நின்று இருமினார். அண்ணி மட்டும் போய், இறங்குவதற்குக் கை கொடுத்தாள். அந்தக் கையை நாத்தனார் சட்டென்று விடவில்லை.

பன்னிரண்டு வலையும் அன்றைக்கே ஏறின. பாலத்து சார் தன் வழக்கப்படி, அந்த முதல் வலையின் கீழ்ப்பலகையில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிவிட்டார்: "சோதித்த எடை, எண்பத்து நான்கு கிலோ."

மறுநாள் திறப்பு. கூட்டமான கூட்டம். நாத்தனார் இருக்கைமேல் ஏறி, அந்த எழுத்தை முதுகால் மறைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றாள். தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை. மத்தியானம் ஒரு அம்மாள் கனத்த பையோடு வந்து, வலையை விரலால் தட்டிப் பார்த்தாள். "இதென்ன, பொம்மைக்குப் பின்னின மாதிரி இருக்கு. இது தாங்குமா?"

நாத்தனார் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு இருக்கையிலிருந்து இறங்கி நகர்ந்து நின்றாள்.

"படிச்சுப் பாருங்க. எங்க அண்ணி பின்னினது."

"எண்பத்து நாலா! என்ன மூட்டையை வச்சு சோதிச்சாங்க?"

"இருந்தது ஒண்ணு, வீட்டுல" என்றாள் நாத்தனார். பின்னால் நின்ற அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் போட்ட முடிச்சு ஒன்றும் நழுவாமல் இருக்கட்டும். உங்களைக் குறை சொல்லும் வாய், வெளியாள் சொன்னால் உங்களுக்காகச் சண்டைக்கும் போகட்டும். உங்கள் சட்டையை ஒரு விரல் பிரித்துத் தைத்துவிட்டுச் சும்மா இருக்கும் கை ஒன்று, எந்நாளும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.