ஆனாலும் கூரை தந்தீர்கள்

"கடிதத்தைத் திரும்பக் குடுங்க பெரியப்பா."

சபையில் காவா வேர்ச்சாறு குடித்து, கைதட்டி முடித்த காரியத்தை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கவே கூடாது என்று வழியெல்லாம் சொல்லித்தான் அம்மா கூட்டிவந்தாள். லோசலினி பாயில் உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டாள்.

ஆண்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் இலாய்தியா, அவள் அப்பாவின் அண்ணன், காவாத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றில் ஜல்லி அள்ள ஒரு கம்பெனி வருகிறது. மறுப்பு இருந்தால் இன்று மாலைக்குள் தலைநகர் சுவாவில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரின் முதல் பட்டதாரி என்று லோசலினியைத்தான் எழுதச் சொன்னார்கள். சர்ச்சுக்குக் கம்பெனி கூரை போட்டுத் தந்தது உண்மை. அதை முதலில் ஒத்துக்கொண்டு, 'ஆனாலும் ஆற்றைத் தோண்டக் கூடாது' என்று முடித்திருந்தாள். பெரியப்பா திருத்திவிட்டார்: 'ஆற்றை நினைத்துக் கவலைதான். ஆனாலும் கூரை தந்தீர்கள், நன்றி.'

"உன் வார்த்தை ஒண்ணையும் நான் விடலயே. எல்லாம் அதுல இருக்கு."

"இருக்கு. முன்ன பின்ன மாத்திட்டீங்க. படிக்கிறவன், இவங்களுக்குக் கவலை தீந்துபோச்சு, தோண்டலாம்னு முத்திரை குத்திடுவான்."

"எதிராளிக்கு மரியாதை சொல்லித்தாம்மா நாம பேச்சை முடிக்கிறது. சண்டையில முடிக்கச் சொல்றியா?"

"அது நம்ம பாய்ல. இங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு உங்க மனசு தெரியும். சுவாவுல மேசைக்குப் பின்னாடி இருக்கிறவனுக்குக் கடைசி வரிதான் தெரியும்."

"பெரியப்பாவ அதட்டுறதுக்கும் காலேஜ்ல ஒரு பாடம் இருக்கு போல," என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவோரம் அம்மா குனிந்தபடி இருந்தாள். அந்த ஆற்றில் மூழ்கி மூழ்கிச் சிப்பி எடுத்து, சந்தையில் விற்றுத்தான் மகளைப் படிக்கவைத்தாள். தண்ணீர் புகுந்தே ஒரு காது மந்தமாகிவிட்டது. ஜல்லி அள்ளினால் சிப்பி எங்கே இருக்கும்? கூரையிலா முளைக்கும்?

லோசலினி குரலைத் தணித்துக்கொண்டாள். "மரியாதை வேணும்னு நீங்க சொல்றது சரிதான் பெரியப்பா. முதல்ல இன்னும் நாலு வரி வேணும்னாலும் சேத்து எழுதறேன். ஆனாலும்..."

"ஆனாலுமோட நிறுத்திக்கோ. கைதட்டியாச்சு. இப்ப பிரிச்சா, குடிச்ச அத்தனை பேரையும் அவமானப்படுத்தின மாதிரி."

தேங்காய்ச் சிரட்டை அடுத்தவர் கைக்குப் போனது. மூன்று முறை கைதட்டினார்கள்.

அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். முதலில் எழுதிய கடிதம் உள்ளேதான் இருந்தது. 'நாங்கள்' என்று இருந்த இடமெல்லாம் 'நான்' என்று மாற்றி, அடியில் தன் பெயரை மட்டும் போட்டுக் காலையிலேயே கையெழுத்திட்டிருந்தாள். ஒற்றை ஆளின் மறுப்புக்கு எடை குறைவு என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்தாள். உட்கார்ந்திருக்கும் ஆண்களைத் தாண்டும்போது பெண்கள் குனிந்து போக வேண்டும். அவள் குனியவில்லை.

"எங்க போற?" என்றார் பெரியப்பா.

அம்மா காலை மடக்கி வழிவிட்டாள். லோசலினி செருப்பை மாட்டிக்கொண்டு சுவா பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.